ஐ.ஓ.கியூ.எம். யார் எழுதலாம்? பிளஸ் டூவில் வந்து கேட்கிற கேள்வி

11 ஜூன் 2024 – கேள்வி

மகன் இந்த வருஷம் பிளஸ் டூ. மாநிலப் பாடத்திட்டம். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியில் நடத்தும் ஒலிம்பியாட் எழுதி நான்கு தங்கப் பதக்கம் வாங்கியிருக்கிறான். அடுத்தது ஐ.எம்.ஓ. என்ற சர்வதேசக் கணித ஒலிம்பியாட்தான், நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். தகுதி என்ன? எங்கே விண்ணப்பிப்பது? 12ஆம் வகுப்பு என்பதால் ஏதாவது தடை உண்டா?

12 ஜூன் 2024, காலை

நேரடியாக விண்ணப்பிக்க வழியே இல்லை. சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கு ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது அந்தந்த நாடு. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் 6 பேர். இந்தியாவில் அந்த 6 பேரில் ஒருவராக, வரிசையாகப் படி ஏற வேண்டும். முதலில் ஐ.ஓ.கியூ.எம். என்ற தகுதித் தேர்வு, அதில் தேறினால் ஆர்.எம்.ஓ. என்ற மண்டலத் தேர்வு, பிறகு ஜனவரியில் ஐ.என்.எம்.ஓ. என்ற தேசியத் தேர்வு, அதில் வென்றவர்களுக்குப் பயிற்சி முகாம், அந்த முகாமில் நடக்கும் தேர்வுகளில் முதல் 6 பேர். ஒட்டுமொத்தப் பொறுப்பு மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்துக்கு.

உங்கள் மகன் எழுதிய தேர்வு இந்த வரிசையில் இல்லை. அது தனியார் அமைப்புகள் பள்ளி வழியாக நடத்துவது. பெயரில் ஒலிம்பியாட் இருக்கும், சிலவற்றில் சுருக்கப் பெயரும் இதே ஐ.எம்.ஓ.வாகவே இருக்கும். அதில் வாங்கிய பதக்கத்தால் இங்கே ஒரு படி கூடக் குறையாது. அவன் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. வேறு கடைச் சீட்டு இந்தக் கடையில் செல்லாது, அவ்வளவுதான்.

12ஆம் வகுப்பு என்றால் என் கருத்து: விட்டுவிடுங்கள். பொதுத்தேர்வு, ஜே.இ.இ. என்று தலைக்கு மேல் இருக்கும். இது எட்டாம் வகுப்பில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

12 ஜூன் 2024, இரவு 10.40

காலையில் எழுதியது அவசரம். "விட்டுவிடுங்கள்" என்று சொல்வதற்கு முன்னால் விதியைச் சொல்லியிருக்க வேண்டும். ஐ.ஓ.கியூ.எம். 2024க்கான தகுதி இது: 2005 ஆகஸ்ட் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். 8, 9, 10, 11, 12 ஆகிய வகுப்புகளில் ஒன்றில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். போன வருஷம் இதே விதியில் 2004 என்று இருந்தது, வருஷத்துக்கு வருஷம் ஒன்று கூடும். ஆகவே உங்கள் மகன் எழுதலாம். தடை இல்லை.

மதிப்பெண் சதவீதம் கேட்பதில்லை. பள்ளி எந்த வாரியம் என்பதும் தடையில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தென்காசிப் பக்கம் 19 வருஷமாக பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். முதல் ஆறேழு வருஷம் நானே இது சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நம் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கையும் வராத விஷயம் நமக்கானது இல்லை என்று மனம் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. அந்த ஆறேழு வருஷத்தில் என் வகுப்பில் இருந்த இரண்டு மூன்று முகங்கள் இப்போதும் ஞாபகம் வரும்.

15 ஜூன் 2024

தனிச்செய்தியில் நான்கு பேர் கேட்ட ஒரே கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டு, ஜே.இ.இ.க்காக ஒரு வருஷம் டிராப் போட்டிருக்கும் பிள்ளை எழுதலாமா? வயது 18தான், 2005 டிசம்பரில் பிறந்தவன்.

முடியாது. வயது மட்டும் போதாது. பள்ளியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை. இந்தச் சுற்றுக்கு நவம்பர் 30க்கு முன்பே 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை முடித்திருக்கக் கூடாது. கல்லூரியில் சேர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

இதை நான் ஒரு பிள்ளையின் செலவில்தான் கற்றுக்கொண்டேன். 2022இல் என்னிடம் படித்து முடித்த ஒரு பெண், நீட்டும் வேண்டாம் ஜே.இ.இ.யும் வேண்டாம், கணக்குதான் வேண்டும் என்று வீட்டில் மல்லுக்கட்டி ஒரு வருஷம் வாங்கிவைத்திருந்தாள். "பிறந்த தேதி சரியாக இருக்கிறது, எழுது" என்று நான் சொன்னேன். மூன்று மாதம் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எண் கோட்பாடு போட்டாள். பதிவு செய்யும்போது "எந்த வகுப்பு" என்ற கட்டத்தில் வந்து நின்றோம். 12 என்று போட்டுவிடலாமா என்று அவள் அப்பா கேட்டார். போடக் கூடாது என்று சொல்வதற்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. தேர்வாகி மேலே போகும்போது பள்ளிச் சான்று கேட்பார்கள், அப்போது எல்லாம் கலையும் என்பது ஒரு காரணம். பொய்யில் தொடங்கும் கணக்கு வேண்டாம் என்பது இன்னொன்று. அவள் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடினாள். அந்த மூன்று மாதமும் வீண் என்று அவள் இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் நான் விதியை முழுசாக வாசித்திருந்தால் அவள் பதினொன்றாம் வகுப்பிலேயே எழுதியிருப்பாள்.

அதனால்தான் இங்கே இவ்வளவு எழுதுகிறேன்.

16 ஜூன் 2024

ஒரு திருத்தம். முதல் நாள் தனிச்செய்தியில் ஒருவரிடம் "சென்னை ஏ.எம்.டி.ஐ. தளத்தில் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டேன். தவறு. ஐ.ஓ.கியூ.எம். நடத்துவது எம்.டி.ஏ.ஐ., அதாவது இந்தியக் கணித ஆசிரியர் சங்கம். ஏ.எம்.டி.ஐ. என்பது 1965இல் சென்னையில் தொடங்கிய வேறொரு கணித ஆசிரியர் சங்கம். இரண்டு பெயரையும் தமிழில் சொன்னால் ஒன்றாகவே கேட்கும். போதாததற்கு, தமிழ்நாட்டு மண்டலத்தில் பல வருஷம் ஆர்.எம்.ஓ.வை நடத்தியவர்கள் ஏ.எம்.டி.ஐ.காரர்கள்தான். எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கு வாய் அங்கேயே போகிறது.

ஏ.எம்.டி.ஐ. நடத்தும் என்.எம்.டி.சி. என்ற திறன் தேர்வு தனி. அது 5, 6ஆம் வகுப்பிலேயே தொடங்குகிறது. அந்தப் பிரிவுக்கு காஸ் என்று பெயர். 7, 8க்கு கப்ரேகர், 9, 10க்கு பாஸ்கரா, 11, 12க்கு ராமானுஜன், பி.எஸ்ஸி.க்கு ஆர்யபட்டா. ஐ.எம்.ஓ. வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சின்னப் பிள்ளையைத் தொடங்கிவைக்க நல்ல இடம், மனசாரச் சொல்கிறேன்.

23 ஜூன் 2024

பிறந்த தேதி பற்றி நல்ல சண்டை வந்திருக்கிறது. ஒருவர்: "ஏன் ஆகஸ்ட் 1? பள்ளிச் சேர்க்கைக்கு ஜூலை 31 என்று கணக்கு வைப்பார்களே, அதனாலா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதனால் இல்லை என்று படுகிறது. ஐ.எம்.ஓ. விதிப்படி, போட்டியின் இரண்டாவது தாள் எழுதும் நாளில் மாணவருக்கு 20 வயது நிறைந்திருக்கக் கூடாது. இந்த செப்டம்பரில் ஐ.ஓ.கியூ.எம். எழுதுபவர் எல்லாப் படியும் ஏறினால் போய்ச் சேருவது 2025 ஜூலையில், ஆஸ்திரேலியாவின் சன்ஷைன் கோஸ்டுக்கு. 2005 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தவருக்கு அப்போது 19 வயதும் பதினொரு மாதங்களும். சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. தாள்கள் ஜூலை நடுவில் வரும். 2005 ஜூலை 28 அன்று பிறந்த ஒருவருக்கும் அன்றைக்கு 20 நிறைந்திருக்காது. சர்வதேச விதி அவரை ஏற்கும், இந்திய விதி ஏற்காது. ஜூலை முழுவதையும் தாண்டி ஒரு முழு எண்ணில் கோடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நடைமுறையில் 19 வயது நிறைந்தும் பள்ளியில் இருப்பவர் மிகக் குறைவு என்பதால் இது யாரையும் கடிப்பதில்லை.

கடிப்பது வேறு இடத்தில். எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தாத்தாவோ மாமாவோ கூட்டிப்போய் ஏதோ ஒரு தேதி சொல்லிச் சேர்த்துவிடுவார்கள். வயது பத்தவில்லை என்றால் ஐந்தாறு மாதம் முன்னால் தள்ளி மே மாதம் என்று எழுதிவிடுவார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் பாதி வகுப்பு மே, ஜூனில் பிறந்திருக்கும்! பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, மாற்றுச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் மூன்றாவது தேதி. இந்தத் தேர்வின் வயது வரம்பில் இது பெரும்பாலும் உதைக்காது. ஆனால் முகாம், கடவுச்சீட்டு என்று போகும்போது உதைக்கும். எட்டாம் வகுப்பிலேயே மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் இனிஷியல். நம் பிள்ளைகள் பெயரில் தலையெழுத்து ஒரு ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து குடும்பப் பெயராக. இத்தனை படி ஏறிய பிறகு ஒரு புள்ளிக்காக அலைவது வேதனை. பதிவில் போடும் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

2 ஜூலை 2024

கேள்வி கேட்ட அப்பாவிடமிருந்து பதில்: "டீச்சர், நீங்கள் முதலில் விட்டுவிடுங்கள் என்றீர்கள். பையனிடம் காட்டினேன். எழுதித்தான் பார்ப்பேன் என்கிறான். பதிவு செய்துவிட்டோம்."

நல்லது. என் முதல் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளட்டும். தேர்வுப் பட்டியலில் 8 முதல் 11 வரை ஒரு பிரிவு, 12 தனிப் பிரிவு. 12ஆம் வகுப்பினருக்கு மேலே போகும் இடங்கள் மிகக் குறைவு. அதே மதிப்பெண் வாங்கிய பதினொன்றாம் வகுப்புத் தம்பி போகலாம், இவன் நின்றுவிடலாம். அநியாயம் என்று தோன்றும். நானும் நெடுநாள் அப்படித்தான் வாதாடினேன். இப்போது என் எண்ணம் மாறியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் ஐ.என்.எம்.ஓ. வரை போய்த் தோற்றவன் மறு வருஷம் இன்னும் பலமாக வருவான், முகாமின் பயன் அவனுக்கு இரண்டு வருஷம் கிடைக்கும். பன்னிரண்டில் வருபவனுக்கு இதுதான் கடைசி வண்டி. ஆனால் முதல் வண்டியே அப்போதுதான் கண்ணில் பட்டது என்கிற கிராமத்துப் பிள்ளைக்கு இந்தத் தர்க்கம் ஆறுதல் தராது. அங்கே எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

7 ஜூலை 2024

தேர்வு எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு. 3 மணி நேரம், 30 கேள்வி, 100 மதிப்பெண். 10 கேள்விக்கு 2, 10க்கு 3, 10க்கு 5. தவறுக்குக் கழிப்பது கிடையாது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் கிடையாது. ஒவ்வொரு விடையும் 00 முதல் 99 வரை ஓர் எண், அதை ஓ.எம்.ஆர். தாளில் வட்டமிட்டுக் கருப்பாக்க வேண்டும்.

ருசிக்கு ஒன்று: ஓர் இரண்டிலக்க எண். அதன் இலக்கங்களின் பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்தால் அந்த எண்ணே வருகிறது. அப்படி எத்தனை எண்கள்? பத்தாமிடத்தில் அ, ஒன்றாமிடத்தில் ஆ என்று வையுங்கள். அ×ஆ + அ + ஆ = 10அ + ஆ. இரண்டு பக்கமும் ஆ போய்விடும், அ×ஆ = 9அ. அ பூஜ்யமாக முடியாது, ஆகவே ஆ = 9. 19, 29, 39 என்று 99 வரை ஒன்பது எண்கள். விடை 9.

இப்போது தாளில் என்ன கருப்பாக்குவீர்கள்? 09. இரண்டு கட்டமும். 2019இல் அப்போதைய முதல்நிலைத் தேர்வு எழுதிய என் மாணவன் ஒருவன் ஒற்றை இலக்க விடைகளுக்கு ஒரு கட்டத்தை மட்டும், அதுவும் இடப்பக்கக் கட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு வந்தான். தாளின் முதல் பக்கத்தில் 05 என்று எடுத்துக்காட்டே போட்டிருந்தது. கணக்கைப் பார்த்த பரபரப்பில் அதை வாசிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தவன் பாவூர்சத்திரம் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டான். அவனுக்கே புரிந்துவிட்டது.

8 ஜூலை 2024

நேற்றைய குறிப்புக்குத் தொடர்ச்சி. வினாத்தாள் ஆங்கிலத்தில் வரும், இந்தியிலும் உண்டு. தமிழ்வழிப் பிள்ளைக்கு எப்படி என்று ஒரு ஆசிரியர் கேட்டிருக்கிறார். விடை எண்தான் என்பதால் எழுத ஆங்கிலம் வேண்டாம், வாசிக்க வேண்டும். நான் செய்வது: ஒரு குயர் நோட்டில் நூற்றைம்பது சொற்கள் எழுதிவைத்திருக்கிறேன். வகுபடும், மீதி, பகா எண், நாண், தொடுகோடு, நடுக்கோடு, குத்துக்கோடு, வேறுபட்ட, தொடர்ச்சியான, அதிகபட்சம் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல். இதில் மிகவும் ஏமாற்றும் சொற்கள் கணக்குச் சொற்கள் இல்லை. "குறைந்தது", "அதிகபட்சம்", "சரியாக" ஆகிய மூன்றுக்கான ஆங்கிலம்தான். அந்த மூன்றும் புரிந்தால் பாதிக் கேள்வி புரியும்.

பாடத்திட்டம்: எண் கோட்பாடு, இயற்கணிதம், வடிவியல், சேர்மானவியல். நுண்கணிதம் கிடையாது. ஆகவே பிளஸ் டூ படித்தவனுக்குப் பெரிய அனுகூலம் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அவனுக்குச் சமமாக உட்காரலாம்.

14 ஜூலை 2024

நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டது: அண்ணன் மகள் அங்கே ஒன்பதாம் வகுப்பு, அமெரிக்காவில் விதி எப்படி?

அங்கே முதல் படி ஏ.எம்.சி. என்ற அமெரிக்கக் கணிதப் போட்டி, அதில் ஏ.எம்.சி. 10, ஏ.எம்.சி. 12 என்று இரண்டு. 10க்கு, பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கக் கூடாது, தேர்வு நாளில் வயது 17½க்குக் கீழே. 12க்கு, பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியிருக்கக் கூடாது, வயது 19½க்குக் கீழே. 75 நிமிஷத்தில் 25 கேள்வி. சரிக்கு 6, தொடாமல் விட்டால் 1½, தவறுக்கு 0. இங்கே தெரியாததை ஊகித்துப் போடலாம், இழப்பில்லை. அங்கே ஊகத்துக்கு விலை உண்டு. இங்கிருந்து போன பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தை மாற்ற நாளாகும். நன்றாக எழுதினால் அடுத்தது ஏ.ஐ.எம்.இ., 15 கேள்வி, 3 மணி நேரம்.

ஊர் திரும்பி வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய அணியில் போக இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருக்கும் பிள்ளைகள் விஷயம் நீதிமன்றம் வரை போனது. அறிவிப்பில் அதற்கென்றே ஒரு பத்தி இருக்கும். பழைய வருஷத்துப் பத்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

22 ஜூலை 2024

இந்த வருஷ ஐ.எம்.ஓ. நடந்த இங்கிலாந்தின் பாத் நகரத்திலிருந்து முடிவு வந்துவிட்டது! இந்தியாவுக்கு 4 தங்கம், 1 வெள்ளி, ஒரு கௌரவக் குறிப்பு. நாடுகளில் 4ஆம் இடம். 1989இல் முதன்முதலாகப் போனதிலிருந்து இவ்வளவு உயரம் தொட்டதில்லை. இன்று பிளஸ் ஒன் வகுப்பில் முதல் பத்து நிமிஷம் இதைத்தான் பேசினேன்.

அந்த கௌரவக் குறிப்பைப் பற்றி ஒரு பையன் கேட்டான். 6 கணக்கு, இரண்டு நாள், நாளுக்கு 4½ மணி நேரம், கணக்குக்கு 7 வீதம் மொத்தம் 42. பங்கேற்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பதக்கம், தங்கமும் வெள்ளியும் வெண்கலமும் 1:2:3 என்ற விகிதத்தில். பதக்கம் கிடைக்காவிட்டாலும் ஏதாவது ஒரு கணக்கை முழுசாக, 7க்கு 7 போட்டவருக்கு கௌரவக் குறிப்பு. ஒரே ஒரு கணக்கை முழுமையாக முடித்ததற்கு உலக மேடையில் ஒரு தாள் தருகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி. நம் பள்ளித் தேர்வில் ஐந்து கணக்கைப் பாதிப் பாதி போட்டவனுக்குத்தான் அதிக மதிப்பெண்.

வயதுக்குக் கீழ் எல்லை உண்டா என்றும் கேட்டான். ஐ.எம்.ஓ.வில் இல்லை. ஆஸ்திரேலியாவின் டெரன்ஸ் டாவ் 1986இல் 10 வயதில் போய் வெண்கலம் வாங்கினார், அடுத்த வருஷம் வெள்ளி, 1988இல் தங்கம். நம் பிரஞ்சல் ஸ்ரீவாஸ்தவா 2018இல் வெள்ளி, பிறகு 2019, 2021, 2022இல் தங்கம். ஒருவர் இத்தனை முறைதான் போகலாம் என்று வரம்பு வைக்காததால்தான் இது நடந்தது. சீக்கிரம் தொடங்கியவருக்கே அந்த வாய்ப்பு.

4 ஆகஸ்ட் 2024

"தேர்வுப் பட்டியலில் பெண்களுக்குத் தனியாகக் கூடுதல் இடம் எதற்கு, கணக்கில் என்ன ஆண் பெண்?" என்று ஒருவர் கொஞ்சம் சூடாகவே எழுதியிருக்கிறார்.

கணக்கில் இல்லை, சார். பஸ்ஸில் இருக்கிறது. மையம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை இருட்டோடு கிளம்ப வேண்டும். போன வருஷம் பதிவு செய்த ஐந்து பையன்களும் தனியாகவோ கூட்டாளியோடோ போய் எழுதினார்கள். மூன்று பெண்களில் இருவர் வரவில்லை. ஒருத்தியின் அப்பாவுக்கு அன்றைக்கு வேலை. இன்னொருத்தி வீட்டில் விசேஷம். தாளை வாங்கும் முன்பே வடிகட்டப்பட்டுவிட்டார்கள். அதன் பிறகு எத்தனை பேர் மிஞ்சுகிறார்களோ அவர்களுக்குள் சில இடம் கூட்டுவதை நான் சலுகை என்று நினைக்கவில்லை. பெண்களுக்கென்றே 2012இல் ஐரோப்பாவில் ஒரு ஒலிம்பியாட் தொடங்கினார்கள், ஈ.ஜி.எம்.ஓ. என்று பெயர். 2015 முதல் இந்தியா 4 பேரை அனுப்புகிறது. அதற்கும் வழி இதே ஐ.ஓ.கியூ.எம்.தான்.

இந்த வருஷம் நானே வேன் பேசியிருக்கிறேன். நான்கு பெண்கள், ஆறு பையன்கள்.

8 செப்டம்பர் 2024, இரவு

போய்வந்தோம். பத்துப் பேரும் எழுதினார்கள். பத்துப் பேரும் 09 போலத்தான் போட்டார்கள், வேனில் ஏறியதும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

9 செப்டம்பர் 2024

நேற்று அலுப்பில் விட்டது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், நான் மூன்று கணக்குதான் உறுதியாகப் போட்டேன். ஆனால் மூணு மணி நேரமும் போரடிக்கவில்லை" என்றாள். அடுத்த வருஷம் பத்து, பிறகு பதினொன்று, பன்னிரண்டு. அவளுக்கு இன்னும் மூன்று முறை இருக்கிறது. இதுதான் நான் ஜூன் 12 காலையில் சொல்ல வந்து கோணலாகச் சொன்னது.

13 அக்டோபர் 2024

கேள்வி கேட்ட அப்பா எழுதியிருக்கிறார். மகன் பெயர் பட்டியலில் இல்லை. 12ஆம் வகுப்புப் பிரிவில் தேவைப்பட்டதற்குச் சற்றுக் கீழே. "ஒரு வருஷம் முன்பு தெரிந்திருந்தால் பதினொன்றாம் வகுப்பிலேயே எழுதியிருப்பான். பள்ளியில் ஒருவரும் சொல்லவில்லையே" என்கிறார்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. சொல்லாதவர்களில் நானும் பல வருஷம் இருந்திருக்கிறேன். மகனிடம் இதைச் சொல்லுங்கள்: ஐ.ஓ.கியூ.எம்.முக்காகப் படித்த எண் கோட்பாடும் சேர்மானவியலும் சி.எம்.ஐ. (சென்னைக் கணிதக் கழகம்), ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் கழகம்) நுழைவுத் தேர்வுகளுக்கு அப்படியே கைகொடுக்கும். சி.எம்.ஐ. நம் மாநிலத்திலேயே, சென்னையை அடுத்த சிறுசேரியில்தான் இருக்கிறது. கணக்குதான் படிப்பேன் என்று நினைத்தால் அந்தப் பக்கம் பார்க்கட்டும். அதற்கு ஒலிம்பியாட் தேறியிருக்க வேண்டியதில்லை, நுழைவுத் தேர்வில் தேறினால் போதும்.

20 அக்டோபர் 2024

ஆர்.எம்.ஓ.வுக்குத் தேறியவர்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தெரிகிறது, வாழ்த்துகள். தேர்வே வேறு மாதிரி. 6 கணக்கு, 3 மணி நேரம். விடை மட்டும் போதாது, ஏன் என்று எழுத வேண்டும். மேலே போட்ட ஒன்பது எண்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 19 முதல் 99 வரை போட்டுப் பார்த்து 09 என்று குறித்தால் ஐ.ஓ.கியூ.எம்.மில் முழு மதிப்பெண். இங்கே "அ பூஜ்யமாக முடியாது, ஏனென்றால் எண் இரண்டிலக்கம்" என்ற வரி இல்லையென்றால் அ-வால் வகுத்தது எப்படி என்று கேட்பார்கள்.

கால்குலேட்டர் கூடாது, கோணமானி கூடாது. அளவுகோலும் கவராயமும் மட்டும். பிள்ளைகள் பெட்டியோடு கோணமானியையும் கொண்டுபோய்விடுவார்கள், முந்தின நாளே எடுத்துவைத்துவிடுங்கள். ஒவ்வொரு கணக்கையும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். தாளை மிச்சம் பிடிப்பது நம் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஊறியது.

19 ஜனவரி 2025

இன்று ஐ.என்.எம்.ஓ. எங்கள் பக்கத்திலிருந்து யாரும் இல்லை. தாள் வெளியானதும் முதல் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

8 ஜூன் 2025

அதே அப்பா, இந்த முறை மகளுக்காக: "இவள் இந்த வருஷம் எட்டாம் வகுப்பு போகிறாள் டீச்சர். எழுதலாம்தானே? பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். தேதி ஒன்றாக இருக்கிறது. பெயரில் மட்டும் இனிஷியல் இடம் மாறியிருக்கிறது. அண்ணன்காரன் சொல்கிறான், சரிசெய்துவிட்டுத்தான் பதிவு என்று."

எழுதலாம். 8 முதல் 12 வரை, கூட்டிப் பாருங்கள், ஐந்து முறை. இந்த வருஷ அறிவிப்பு வந்ததும் பிறந்த தேதி வரம்பை ஒரு தடவை வாசித்துவிடுங்கள், போன வருஷத்தை நம்ப வேண்டாம். இனிஷியலுக்கு இ-சேவை மையத்தில் நாளைக்கே கொடுங்கள், பதிவு தொடங்கினால் நாள் ஓடிவிடும். நூற்றைம்பது சொல் நோட்டை நகல் எடுத்து வைத்திருக்கிறேன், விலாசம் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.